மேனேஜர் சம்சாரம்

"புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்டை மாத்து! இல்லேன்னா பிளான்ட்டை நிறுத்து!"

கேட்டுக்கு வெளியே கூட்டம். முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியது வேறு யாருமில்லை, பிளான்ட் மேனேஜரின் மனைவி!

கேஸில் ஓடும் சின்ன மின் நிலையம் அது. கரண்டும் கொடுக்கும், இன்ஜின் சூட்டிலேயே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வெந்நீரும் கொடுக்கும்.

"பொண்டாட்டியையே சமாளிக்கத் தெரியல, இவரு எங்க பிளான்ட்டைச் சமாளிக்கப் போறாரு?" கேட் செக்யூரிட்டி, பக்கத்தில் நின்ற டிரைவரிடம் கண்ணடித்தார்.

மேனேஜர் காதில் விழுந்தது. குனிந்த தலை நிமிராமல் முதலாளி அறைக்குள் போனார்.

"என்னய்யா இது மானக்கேடு? கண்ணுக்கே தெரியாத புகைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"தெருவில குழந்தைங்கல்லாம் இருமுதாம் சார். கேட்டலிஸ்ட் வேலையே செய்யலைங்கறா."

"அதெல்லாம் அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சவ சார். நெட்டுல பார்த்திருப்பா."

"நீ கண்டிக்கக் கூடாதா?"

"கண்டிச்சேன் சார். நேத்திலேர்ந்து எனக்குச் சாப்பாடு ஹோட்டல்லதான்."

முதலாளியின் முகம் இளகியது. அவருக்கும் வீடு என்று ஒன்று இருக்கிறதே!

வெளியே கோஷம் உச்சத்துக்குப் போனது. முதலாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அது யாரு, கேமராவும் கையுமா?"

"டிவிக்காரங்க சார்."

முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"புதுசு எவ்வளவு ஆனாலும் சரி, இன்னைக்கே ஆர்டர் போட்டுடு. டிவிக்காக இல்லய்யா. உன் குடும்பத்துல சண்டை வரக்கூடாது பாரு, அதுக்காக!"

"உங்க பெரிய மனசு சார்."

மேனேஜர் கேட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். கைதட்டல். கூட்டம் கலைந்தது. செக்யூரிட்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

கரகரத்த குரலில் மனைவி மெல்லக் கேட்டாள்.

"நிஜமாவே ஒத்துக்கிட்டாரா?"

"ரெண்டு வருஷமா நான் கெஞ்சினப்ப அசையாத மனுஷன், உன் சத்தத்துக்கு அரை மணியில மடங்கிட்டாரு!" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இன்ஜின் ரூம்ல வேலை பார்க்கிறவங்களுக்குக் காதுக் கவசம் வாங்கணும்மா. அடுத்த மாசம் இன்னொரு தடவை வந்து கத்திட்டுப் போறியா?"