நாலு விரல் உயரம்

இந்த வருஷப் படகு ஊர்வலத்தில் மூன்றாவதாய் வந்த படகு பாலத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. படகின் மேல் பல்புச் சரம் சுற்றி நிற்கும் மர அன்னத்தின் தலை, பாலத்தின் அடியைவிட நாலு விரல் உயரம். அளந்த அன்று ஆற்றில் தண்ணீர் கம்மி. பின்னால் நிற்கும் விளக்குப் படகுகள் விடாமல் ஹாரன் அடிக்கின்றன. அன்னத்தைச் செய்த தச்சன் அதன் கழுத்தை அறுக்க ரம்பத்தை எடுக்கிறான், வைக்கிறான், மறுபடி எடுக்கிறான். "ஆள் ஏறினா படகு தாழும்ல?" என்று மனைவி கத்துகிறாள். ஏழு பேர் ஏறியும் ஒரு விரல் இடிக்கிறது. கரையில், இரண்டு வருஷமாய் அவனோடு பேசாத அண்ணன், பாரியான ஆள், நகம் கடித்தபடி நிற்கிறார். தச்சன் தண்ணீரைப் பார்த்துச் சொல்கிறான்: "இன்னும் ஒரு ஆள் வேணும்." செருப்பைக் கையில் பிடித்தபடி அண்ணன் ஏறுகிறார். படகு தாழ்ந்து நகர்கிறது. பல்பு வெளிச்சம் பாலத்தின் அடிப்பக்கக் கல்லை உரசிக்கொண்டு போகையில், ஒரு கனத்த கை தச்சனின் தலையை அழுத்துகிறது. "குனிடா."