மியூட் பொத்தான்

பாட்டு முடிந்து கல்யாண மண்டபம் கைதட்டியபோதுதான் பார்த்தேன். ரேக்கில் மாட்டியிருந்த ட்யூனரில் மியூட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுருதி சேர்க்கும்போது சத்தம் வெளியே போகக் கூடாதென்று அழுத்திய பொத்தான்; விடுவிக்க மறந்துவிட்டேன். பாட்டு முழுக்க என் கிட்டார் யார் காதிலும் விழவில்லை. எனக்கே தெரியவில்லை. என் காலடி ஸ்பீக்கரிலும் தினகரன் சாருடைய குரலைத்தானே அலறவிடுகிறார்கள்! பாடகர், குழுவின் முதலாளி, வருஷக்கணக்காக என்னிடம் "சத்தத்தைக் கொறைம்மா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசாதவர். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் திரும்பி, "இன்னிக்குத்தான் ரெஜினா, கிட்டார் கரெக்டா இருக்கு. இதே மாதிரி வாசிம்மா" என்றார்.

பொத்தானுக்குப் போன விரலை எடுத்துவிட்டேன்.

அடுத்த பாட்டு என் கிட்டாரில் தொடங்கும். அது முடிந்துதான் அவர் பாட வேண்டும். மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, எனக்குக் கைகாட்டினார். கம்பி அறுந்துபோகும் அளவுக்கு அடித்து வாசித்தேன். ஒவ்வொரு சுரத்துக்கும் ட்யூனரில் பச்சை விளக்கு துள்ளியது. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். பந்தியில் ஒரு கரண்டி விழுந்த சத்தம் மேடைவரை கேட்டது. தினகரன் சார் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா?"

"இதே மாதிரிதான் சார்" என்றேன், வாசிப்பதை நிறுத்தாமல்.