ஏழாம் நம்பர் கவுன்

மாஸ்டரின் கையிலிருந்த பிளேடு ஏழாம் நம்பர் கவுனின் இடுப்பருகே ஒரே இழுப்பில் இறங்கியதை இஸ்திரி அத்தை கண்ணாரக் கண்டாள். தையலை அல்ல, துணியையே கிழித்துவிட்டார்.

வரிசையாகத் தொங்கிய கவுன்களுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் அவள். அவள் நிற்பது அவருக்குத் தெரியாது. பிளேடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றுமறியாதவர்போல் அளவு நாடாவைச் சுருட்டினார்.

அழகிப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இன்னும் அரை மணி இருந்தது.

உடை அறையில் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று பெண்களின் தலையலங்காரத்தைக் கலைத்துவிடும். மூடினால் இஸ்திரி ஆவி மூச்சை முட்டும். மூன்று நாளாக மூடியே கிடந்தது. அத்தைக்கு இப்போதுதான் மூச்சு முட்டியது.

பதினெட்டு வருஷமாக இந்தப் போட்டிக்குத் தைப்பவர் மாஸ்டர். ஒரு கொக்கி தளர்ந்தாலும் ஊரைக் கூட்டுகிறவர். அத்தைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

காரணம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. காலையில் மூன்றாம் நம்பர் பெண்ணின் சித்தப்பா வந்து, மாஸ்டரை ஓரங்கட்டி வெகுநேரம் குசுகுசுத்தாரே! மூன்றுக்கும் ஏழுக்கும்தான் பலத்த போட்டி என்று அறை முழுக்கப் பேச்சு.

ஏழாம் நம்பர் பெண்ணை மற்றவர்களுக்குப் பிடிக்காது. திரைக்குப் பின்னே தனியாகப் போய்த்தான் உடை மாற்றுவாள். "நாம பாத்தா மகாராணிக்கு மச்சம் கரைஞ்சிடும்" என்று கேலி செய்வார்கள். ஆனால் அத்தையின் விரலில் சூடு பட்ட அன்று மருந்தோடு ஓடிவந்தவள் அவள் ஒருத்திதான். "முதல்ல எரியும், அப்புறம் தோல் இழுக்கும் அத்தை" என்று பக்குவமாகத் தடவிவிட்டாள்.

சொல்வதா, விழுங்குவதா? தேய்த்த துணியையே மறுபடி தேய்த்தாள். உப்பிட்டவருக்குத் துரோகமா, ஒன்றுமறியாத பெண்ணுக்குத் துரோகமா?

'என் கண்ணில் இதைக் காட்டினவன் சும்மாவா காட்டியிருப்பான்?' என்று ஓர் எண்ணம் எழுந்தது. அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போட்டியை நடத்தும் மேடத்தைத் தேடிப் போனாள்.

மேடம் வந்தார். கவுனைத் தூக்கிப் பிடித்தார். கிழிசல் வாய் பிளந்தது.

"கை தவறிடுச்சு மேடம்" என்றார் மாஸ்டர்.

"பதினெட்டு வருஷமா தவறாத கை, இன்னிக்கு மட்டும் தவறிச்சா?"

"தவறலை மேடம்" என்றாள் அத்தை. "பிளேடை எடுத்து அவரே கிழிச்சதை நான் பாத்தேன்."

மாஸ்டர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"மாத்து கவுன் இருக்கு. அதை முதல்ல அந்தப் பொண்ணுக்குக் குடுங்க. என்னைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

எல்லாப் பெண்களுக்கும் ஒரே வெட்டு, முதுகு திறந்த கவுன் என்பது துணி கொடுத்த கம்பெனியின் நிபந்தனை. மேடையேறுமுன் கிழிந்துபோனால் மட்டும் மாற்று கவுன் தரலாம். அது கழுத்துவரை மூடிய பழைய மாதிரி. போட்டுக்கொண்டால் மதிப்பெண் குறையும். அந்தப் பெண்ணே கிழித்திருந்தாலோ போட்டியை விட்டே விலக்கிவிடுவார்கள்.

மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்று கவுனைக் கொடுத்தனுப்பினார். பிறகு மாஸ்டரின் கழுத்திலிருந்த பொறுப்பாளர் அட்டையைக் கழற்றி அத்தையின் கழுத்தில் மாட்டினார்.

"இனிமே இந்த ரூமுக்கு நீங்கதான் பொறுப்பு. உண்மையைச் சொல்ல ஒரு ஆளாவது இருக்கே."

மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே கடற்கரைச் சாலையில் இறங்கினார். கதவு திறந்த இடைவெளியில் ஒரு கை மணல் உள்ளே வந்து விழுந்தது.

கிரீடம் மூன்றாம் நம்பருக்குக் கிடைத்தது. 'பார்த்தாயா' என்று அத்தையின் மனம் சொல்லி முடிப்பதற்குள், அந்தப் பெண்ணே கிரீடத்தோடு உள்ளே ஓடிவந்தாள். "மாஸ்டர் எங்கே? இடுப்பு பிடிக்குதுன்னு சொல்ல வெக்கப்பட்டு சித்தப்பாவைத் தூது விட்டேன். மாஸ்டர் தளர்த்திக் குடுக்கலேன்னா மேடையிலேயே மூச்சு நின்னிருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அத்தை பின்வாசல் கதவைப் பார்த்தாள்.

எல்லோரும் போன பிறகு ஏழாம் நம்பர் வந்தாள். தோற்றவள் முகமாக அது இல்லை. இந்த முறை திரையைத் தேடிப் போகாமல், அத்தைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நீங்க மட்டும்தானே அத்தை? கொக்கியைக் கழட்டி விடுங்க."

கழற்றினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை, எந்தப் பெட்டியாலும் நிமிர்த்த முடியாத சுருக்கங்கள்.

"நாலு வயசுல, கொதிக்கிற தண்ணி. அம்மாவுக்குக் கை தவறிடுச்சு. இதைப் பாத்தா இன்னும் அழுவாங்க. இன்னிக்கு முன் வரிசையில உக்காந்திருந்தாங்க. மூடின கவுன் குடுங்கன்னு மேடத்தைக் கேட்டேன். 'இந்தத் தழும்பு யாரால வந்துச்சுன்னு மேடையில சொல்லு, ஜனங்க உருகிடுவாங்க'ன்னாங்க. விலகிடலாம்னே இருந்தேன். மாஸ்டர்தான், 'நீ போய் நில்லும்மா, நான் பாத்துக்கறேன்'னார்."

அவள் திரும்பினாள். கண்கள் நிறைந்திருந்தன.

"அம்மா கடைசிவரைக்கும் கை தட்டிக்கிட்டே இருந்தாங்க அத்தை. மாஸ்டர் எங்கே? ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடறேன்."

அத்தை கழுத்தில் தொங்கிய அட்டையை அவசரமாக உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

அதில் இன்னும் மாஸ்டரின் படம்தான் இருந்தது.