அப்பா வீட்டு வைரஸ்

“மறுபடியும் கண்டதையும் அமுக்கினீங்களா சார்?”

கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்திருந்தவள், தோள்பையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். திரையில் ‘உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது’ என்று விளம்பரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குதித்துக்கொண்டிருந்தன.

“நான் எங்க மேடம் அமுக்கினேன்? அதுவா வருது. நெட்டுன்னா நல்லதும் கெட்டதும் வரத்தானே செய்யும்?” என்றார் பெரியவர், ஜன்னலைப் பார்த்தபடி.

சாராவது, மேடமாவது! அவர் அவளைப் பெற்ற அப்பா.

அம்மா போன பிறகு, “தனியா கிடந்து என்ன பண்ணப் போறீங்க, என்கூட வந்துடுங்க” என்று இவள் கூப்பிட்டாள். “மாப்பிள்ளை வீட்டுல போய் உக்கார நான் என்ன நாதியத்தவனா?” என்று அவர் எகிறினார். பேச்சு முற்றி, “நீங்களா கூப்பிடாம இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு இவள் விறுவிறுவென்று போய்விட்டாள். அவரா கூப்பிடுவார்? பிடிவாதத்தில் அப்பனும் மகளும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

நல்லவேளையாக வைரஸ் வந்தது. அப்பா அப்போதும் மகளைக் கூப்பிடவில்லை. அவள் வேலை பார்க்கும் கடைக்குப் போன் போட்டு, “ஒரு ஆளை அனுப்புங்க” என்றார். அந்த ஆளாக இவள் வந்து நின்றாள். இரண்டு பேர் ரோஷத்துக்கும் பங்கமில்லை. வேலை அரை நாள் இழுத்தது. நடுவில் காபி வந்தது. “உங்க வீட்டுக்காரருக்கு இருமல் தேவலையா மேடம்?” என்று ஒரு விசாரிப்பும் வந்தது.

அதோடு விட்டிருந்தால் சரி. விட மனசு வரவில்லை அவளுக்கு. கிளம்பும்போது, தானே எழுதிய ஒரு குட்டி புரோகிராமை யாருக்கும் தெரியாமல் உள்ளே போட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் அது சும்மா கிடக்கும். அப்புறம் விளம்பரமாகக் கொட்டும், மெஷினை நொண்டியடிக்க வைக்கும், ஆனால் எதையும் அழிக்காது. அப்பா கடைக்குப் போன் போடுவார், இவள் வருவாள். பழையதைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் போவாள்.

வயசான மனுஷனை, அதுவும் பெத்த அப்பாவை இப்படி ஏமாத்துறோமே என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனசு குத்தும். குத்தினாலும் அடுத்த முறையும் அதையேதான் செய்வாள்.

இன்று மேஜையில் கை வைக்க இடமில்லை. வயர் சுற்றி வைத்திருந்த நெட் பெட்டியையும், அதன் மேலிருந்த அப்பாவின் மூக்குக் கண்ணாடியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். வேண்டியதெல்லாம் அவள் பென்டிரைவிலேயே இருந்தது. சட்டுப்புட்டென்று துடைத்து முடித்தாள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தபோதுதான் கை அப்படியே நின்றது.

‘அம்மா’ என்ற ஃபோல்டர் காலியாகக் கிடந்தது.

அம்மாவின் அத்தனை படங்களும் அதில்தான் இருந்தன. “ஐயோ, போதும் விடுங்க” என்று கேமராவைக் கையால் மறைத்துக்கொண்டு அம்மா சிரிக்கிற அந்த வீடியோவும் அதில்தான். அப்பா காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் போட்டுப் பார்ப்பார். இன்னொரு காப்பி எடுத்து வைக்கணும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள், ஒரு தடவையும் செய்ததில்லை.

கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைக் கிளறினாள். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டாள். ஒன்றும் சிக்கவில்லை.

போன தடவை புரோகிராமை அவசர அவசரமாக மாற்றி எழுதியது ஞாபகம் வந்தது. அதில்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறாள். அப்பாகிட்ட மிச்சமிருந்த அம்மாவையும் நானே அழிச்சுட்டேனே, பாவி!

“என்ன மேடம், முடிஞ்சுதா?” என்றபடி காபி டம்ளரோடு வந்தார்.

“அப்பா…”

அதற்கு மேல் சார் என்று கூப்பிட அவளால் முடியவில்லை.

“என்னை மன்னிச்சிடுங்கப்பா. வைரஸ் தானா வரல. நான்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான். உங்களைப் பார்க்க வர்றதுக்கு வேற வழி தெரியல… இப்ப அம்மா படமெல்லாம் போச்சுப்பா. எல்லாம் என்னாலதான்.” முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்பா டம்ளரை மேஜையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து அவள் கையில் திணித்தார்.

“ஒண்ணும் போகல. எல்லாத்தையும் இதுல மாத்தி வச்சுட்டேன்.”

“எப்பப்பா? எதுக்கு?”

“நெட்டே வேண்டாம்னு நிறுத்தி எத்தனையோ மாசம் ஆச்சு. நெட்டு இல்லாத வீட்டுக்கு வைரஸ் யார் கையால வரும்னு எனக்குத் தெரியாதா? உன் கைவரிசையில அம்மாவுக்கு ஏதாவது ஆயிடக்கூடாது பாரு, அதான்.”

தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் கடைக்குப் போன் போட்டிருக்கிறார்.

ஓரத்தில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார் அப்பா. பிறகு கம்ப்யூட்டரைக் கைகாட்டிச் சொன்னார்.

“இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரமா கெட்டுப் போற மாதிரி போட்டுட்டுப் போம்மா.”