மாறிப்போன அரங்கு

ஒஸ்லோ முழுக்க பஸ் ஓட்டுகிற மனிசனுக்கு மூன்றாம் அரங்கு எது, ஐந்தாம் அரங்கு எது என்று தெரியவில்லை. மரியரஞ்சனிக்குப் பத்திக்கொண்டு வந்தது.

தமிழ்ப் படம் பார்க்கவென்று குரோருட்டிலிருந்து வெளிக்கிட்டவர்கள். லைற் அணைந்த பிறகு புருசன் அவசரமாக இழுத்துக்கொண்டு வந்து இருத்தினார். திரையில் பார்த்தால், பிரெஞ்சுக்காரி ஒருத்தி வாசல் கூட்டிக்கொண்டே பாடுகிறாள். அதுவும் ஆதிகாலத்துப் படம்!

"இஞ்சருங்கோ, அரங்கு மாறி வந்திட்டம். எழும்புங்கோ."

"இருட்டுக்குள்ள சனத்தை மிதிச்சுக்கொண்டு போகேலாது. பேசாமல் இரும்," என்று காலை நீட்டினார் வின்சென்ற்.

அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. மாசியில் யாழ்ப்பாணத்தில் அம்மா மோசம் போனா. செத்தவீட்டில் முகம் பார்க்கக்கூட இவளால் போய்ச் சேர முடியவில்லை. அன்றையிலிருந்து வேலை விட்டால் வீடு என்று கிடந்தவள், இன்றைக்குத்தான் வெளிக்கிட்டாள். அதையும் இந்த மனிசன் கெடுத்துப்போட்டுது. அந்த இருக்கைகளுக்கு உரிய ஆக்கள் வந்து எழுப்பினால் மானம் போகுமே என்று வாசலையே பார்த்தாள். நல்லகாலம், ஒருத்தரும் வரவில்லை.

படத்தில் கலியாணக் கேக் பெட்டியும் மீன் பெட்டியும் மாறிப்போயின. மாப்பிள்ளை கத்தியோடு நிற்கிறான், பெட்டியைத் திறந்தால் மீன் துள்ளுகிறது. அதுக்கும் சபையே எழும்பி நின்று பாடுகிறது. கடைசியில் பாதிரியாரும் மீனைத் துரத்திக்கொண்டு ஓட, மரியரஞ்சனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

வெளியே வந்தும் அவள் விடவில்லை. வின்சென்ற் கோப்பி வாங்கப் போன நேரம், தமிழ்ப் படத்துக்கு ரிக்கெற் கிழிக்கிற துஷாராவிடம் புருசனின் கெட்டித்தனத்தைச் சொல்லிச் சிரித்தாள்.

துஷாரா சிரிக்கவில்லை.

"அக்கா, எங்கட படம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில கிடக்கிற தாயும், வந்து சேரேலாத மகளும்தான். நேற்றே வின்சென்ற் அண்ணைக்குச் சொன்னனான். படத்துக்குப் போகவேண்டாமெண்டு சொன்னால் ரஞ்சனி திரும்பவும் வீட்டுக்குள்ள முடங்கிடுவா எண்டு, அவர்தான் மற்றப் படத்துக்கு ரிக்கெற் எடுத்தவர்."

வின்சென்ற் இரண்டு கோப்பியோடு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியாத பாவனை.

"குறை நினைக்காதையும். அடுத்தமுறை அரங்கை வடிவாய்ப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வாறன்."

மரியரஞ்சனி அவருடைய கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம். இப்பிடியே கூட்டிக்கொண்டு வாங்கோ."