கண்ணாடியைப் பார்த்து வாய் பிளந்த குஞ்சுகள்

ஜன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மைனா கூடு கட்டியிருந்தது. வீட்டுக்குள் பகல் முழுக்க டிவி ஓடும். இறகு முளைத்த பிறகும் மூன்று குஞ்சுகளும் கூட்டை விட்டு நகராமல், கண்ணாடி வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் டிவியில் கொழுத்த புழு ஒன்று நெளிந்தது. மூன்றும் கண்ணாடியைப் பார்த்து வாயைப் பிளந்தன. நிஜப் புழுவைக் கவ்விக்கொண்டு அம்மா மைனா பின்னாலேயே நின்றது. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

மைனாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "போதும், கிளம்புங்க வெளிய!"

"மழை தூறுது, எங்க இழுத்துட்டுப் போற?" என்றது டிவி. "என்கிட்ட விட்டுட்டுப் போ. கழுகு பறக்கிறதையே காட்டியிருக்கேன். எவ்வளவு அமைதியா இருக்குதுங்க பாரு."

"அமைதியான மைனாவை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மூன்றையும் அலகால் நெட்டித் தள்ளியது. ஒன்று சேற்றில் விழுந்தது, ஒன்று கொடிக்கம்பியில் தொங்கியது, கடைக்குட்டி தட்டுத்தடுமாறி மாமரத்தைப் பிடித்தது.

பத்து நாள் கழித்து அம்மாவும் குஞ்சுகளுமாக நாலும் ஜன்னலோர மாங்கிளைக்கு வந்தன.

"இங்க வந்து உட்காரு," என்றது அம்மா.

"மாட்டேன்," என்றது கடைக்குட்டி. "அங்க சிவப்பெறும்பு இருக்கு. நேத்து என்னைக் கடிச்சுது. நீயும் உட்காராதம்மா."

டிவி சிரித்தது. "பார்த்தியா, உன்னையே எதிர்த்துப் பேசுது!"

அம்மா மைனா எறும்பை உதறிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தது.

"ஆமா, பேசுது. உன்கிட்ட இருந்தப்ப ஒருநாளாவது 'மாட்டேன்'னு சொல்லுச்சா?"