சீட்டில் விழுந்த பக்கம்

"தூக்குல போடணும்னு பேசப் போறியா? இந்த வீட்டுல அந்தப் பேச்சே கூடாது. போட்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம்!"

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேச்சுப் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்தாயிற்று. ஜெயித்தால் சட்டக் கல்லூரியில் இடம், படிப்புச் செலவு முழுக்கப் போட்டி நடத்துகிறவர்களுடையது. தோற்றால் வக்கீல் கனவை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். தலைப்பு, 'மரண தண்டனை தேவையா?' யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். இவளுக்கு விழுந்தது 'தேவை'.

"எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா? சீட்டுல வந்ததும்மா! மாட்டேன்னா போட்டியிலேருந்தே நீக்கிடுவாங்க."

"நீக்கட்டும்."

"அக்கா, நீ சும்மா இரு."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாமா திரும்பினார். அம்மாவின் தம்பி. லேத் பட்டறை வைத்திருப்பதால் தெருவுக்கே அவர் 'லேத்து'. பேச்சு என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர். அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் முழுசாக வந்தால் அன்றைக்கு மழை நிச்சயம் என்று மகள் கிண்டல் செய்வாள்.

"சாயங்காலம் பட்டறைக்கு வா பாப்பா. நான் சொல்லித் தரேன்."

அம்மா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மாமாவின் பயிற்சி முறையே தனி. மெஷினை ஓட விட்டு, முதுகைக் காட்டியபடி இரும்பைக் கடைந்துகொண்டிருப்பார். அந்த இரைச்சலுக்கு மேலே இவள் பேச வேண்டும். வாதம் நன்றாக இருந்தால் மெஷினை நிறுத்துவார். இல்லையென்றால் இரும்புச் சுருள் அது பாட்டுக்கு விழுந்துகொண்டே இருக்கும்.

"தண்டனை கடுமையா இருந்தாத்தான் குற்றம் குறையும்..."

மெஷின் நிற்கவில்லை.

"இதை எல்லாரும் சொல்வாங்க. எதிர்ப் பக்கம் ஊதித் தள்ளிடும்" என்றார் மாமா, திரும்பாமலே. "செத்துப்போனவனோட அம்மாவை நினைச்சுப் பாரு. புள்ளையைக் கொன்னவன் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குறான். இவளுக்குத் தூக்கம் வருமா? அங்கேருந்து ஆரம்பி."

ஆரம்பித்தாள். மெஷின் நின்றது.

"சரி. இப்ப அவங்க கேட்பாங்க. ஒரு தப்பும் செய்யாதவனைத் தூக்குல போட்டுட்டா, போன உசுரைத் திருப்பிக் கொண்டு வருவியான்னு. என்ன சொல்வே?"

அவள் நோட்டைப் புரட்டுவதற்குள் மாமாவே எடுத்துக் கொடுத்தார்.

"ஆப்பரேஷன்ல ஆள் மாறிப்போச்சுன்னா, ஆஸ்பத்திரியை இழுத்து மூடுவோமா? தப்பா விசாரிச்சவனைத் திருத்து, தண்டனையைக் குறை சொல்லாதே. இப்படிச் சொல்லு. குரல் நடுங்கக் கூடாது."

சாப்பாட்டு டப்பாவோடு வந்த அம்மா இதைக் கேட்டுவிட்டாள்.

"எப்படிடா உனக்கு மனசு வருது?" என்றாள். டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினாள்.

"இதெல்லாம் எங்கே மாமா படிச்சே?"

"ஒரு காலத்துல வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்திருந்தேன். அப்பப் படிச்சது."

போட்டி நாள். அரங்கம் நிறைந்திருந்தது. அம்மாவும் வந்திருந்தாள், வேண்டாவெறுப்பாக.

எதிரணிப் பையன் கெட்டிக்காரன். மாமா சொன்ன அதே கேள்வியைக் கடைசியில் கேட்டான். இவள் குரல் நடுங்கவே இல்லை. பதில் சொல்லி முடித்ததும் முதலில் எழுந்து கைதட்டியது மாமாதான். இரும்பு பிடித்த கை அல்லவா, மேடையில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைச் சுளித்தார். எதிரணிப் பையனின் அப்பா அவர்.

"ஒரு உயிரை எடுக்கணும்னு சொல்றதுக்கு இவ்வளவு சந்தோஷமா சார்? வீட்டுல இதைத்தான் சொல்லித் தர்றீங்களா?"

"ஆமா சார், நான்தான் சொல்லிக் கொடுத்தேன்." மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க அக்கா பொண்ணு!"

முதல் பரிசு அவளுக்குத்தான். கோப்பையோடு ஓடி வந்தாள்.

"ஜெயிச்சுட்டோம் மாமா! ஆமா, எனக்கு எதிர்ப் பக்கம் விழுந்திருந்தா என்ன சொல்லிக் கொடுத்திருப்பே?"

மாமா சிரித்து மழுப்பினார். அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"சொல்லிக் கொடுக்க என்ன இருக்கு? இவனையே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் மேடையில நிறுத்தியிருந்தா போதும். நீ பொறக்குறதுக்கு முன்னாடி, செய்யாத கொலைக்கு இவனுக்குத் தூக்குன்னு தீர்ப்பு எழுதினாங்கடி. நாள்கூடக் குறிச்சாச்சு. கொன்னவன் வேற கேஸ்ல மாட்டி உண்மையைக் கக்கினான். அதனாலதான் உன் மாமா உசுரோட நிக்கிறான்."

எழுந்து கிளம்பிய பக்கத்து நாற்காலிக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்குக் கோப்பையை எங்காவது எறிந்துவிடலாம் போல இருந்தது.

"ஏன் மாமா சொல்லலை? தெரிஞ்சிருந்தா நான் இப்படிப் பேசியிருக்கவே மாட்டேனே!"

"அதுக்குத்தான் சொல்லலை."

மாமா அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"எனக்காகப் பேசுன்னு கோர்ட்டுல ஒரு வக்கீலைக் கொடுத்தாங்க. அவருக்கு என்னைப் பிடிக்கலை. எழுந்தார், ஏதோ முனகினார், உட்கார்ந்துட்டார். பிடிக்காத பக்கத்துக்கே இப்படிப் பேசுற ஒருத்தி அன்னைக்கு எனக்குக் கிடைச்சிருந்தா, அந்தத் தீர்ப்பையே எழுதியிருக்க மாட்டாங்க பாப்பா!"